வெள்ளவாய்க்கால் ஓரம் 2 மீற்றர் புல்லு விட்டால் கொடுப்பனவு: 4 பரப்புத் தோட்டத்துக்கு எப்பிடிச் சரிவரும்?

இருவாட்டித்தரை கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில சண்டிலிப்பாய்ப் பக்கம் 4 பரப்புத் தோட்டக்காணி, இருவாட்டி மண். நீளம் 46 மீற்றர், அகலம் 22 மீற்றர். தெற்கு நீளப்பாடு முழுக்க வெள்ளவாய்க்கால், அது வழுக்கியாற்றில போய் விழுது. சாய்வு வாய்க்கால் பக்கம்தான், கண்ணுக்குப் பெரிசாத் தெரியாது. சின்ன வெங்காயம், பிறகு கோவா அல்லது பீற்றூட், இடையில பயறு.

வாய்க்கால் ஓரக் காணிகளுக்கு ஒரு சுற்றாடல் கொடுப்பனவுத் திட்டம் வந்திருக்கு. நிபந்தனை இவ்வளவும்தான்: வாய்க்கால் பக்கம் ஆகக் குறைஞ்சது 2 மீற்றர் அகலத்துக்கு நிரந்தரப் புல்லு, 3 வருசம், அதுக்குள்ள உரமும் களைநாசினியும் போடக்கூடாது, புல்லை வெட்டலாம், வருசத்துக்கு இரண்டு தரம் வந்து பாப்பினம். முதல் பார்வை முடிஞ்ச பிறகுதான் காசு.

கேள்விகள்:
எந்தப் புல்லு, எப்ப நடுறது? அறுகு வெங்காயப் பாத்திக்குள்ள ஏறினால் பிறகு எடுக்கேலாது எண்டு பயம்.
கிணறு வாய்க்காலில இருந்து 6 மீற்றரில நிக்குது. இந்தப் புல்லால கிணத்துத் தண்ணியும் திருந்துமா?
காணி குத்தகை. சொந்தக்காரர் கனடாவில. ஒப்பந்தத்தில என்ன பாக்கவேணும்?
92 சதுர மீற்றர் போகுது, காணியில 9 வீதம். பெறுமதியா?

---

நீர்மட்டம்:

தம்பி, புல்லைத் தெரிய முதல் தண்ணி எங்க போகுது எண்டு பாருங்கோ. புல்லுக்கரை பிழைக்கிற இடத்தில பத்துக்கு ஒன்பது தரம் புல்லில பிழை இல்லை. தண்ணி 46 மீற்றருக்கும் பரவி வராமல் ஒரு மூலையில சேர்ந்து, ஒரு அடி அகலத்துக்குப் பிச்சுக்கொண்டு போயிடும். மிச்சம் 45 மீற்றர் புல்லும் சும்மா நிக்கும். தாளில 2 மீற்றர் புல்லுக்கரை இருக்கும், வாய்க்காலுக்குள்ள சேறு அப்பிடியே இறங்கும்.

காரணம் இதுதான். புல்லு தண்ணியை வடிகட்டுறது இலையால இல்லை, வேகத்தைக் குறைக்கிறதால. மெல்லிசா, ஒரு விரல் உயரத்துக்குப் பரவி வந்தால் தண்டுகளுக்கு இடையில வேகம் விழும், மண் துணிக்கை அடியில தங்கும், அதோட ஒட்டியிருக்கிற பொசுபரசும் தங்கும், கொஞ்சத் தண்ணி அங்கேயே மண்ணுக்குள்ள இறங்கும். முழங்கால் ஆழத்தில திரண்டு வந்தால் புல்லைப் படுக்கப்போட்டு அதுக்கு மேலால ஓடும்.

அதால இந்த வருச மழைக்கே, நட முதல், ஒரு நல்ல மழைக்குள்ள இறங்கி நடந்து பாருங்கோ. தண்ணி எங்க எங்க வாய்க்காலுக்குள்ள விழுதோ அங்க தடி நடுங்கோ. சாய்வு கண்ணுக்குத் தெரியாட்டி நீர்மட்டக் குழாய் பிடியுங்கோ. மேசன்மார் வைச்சிருக்கிற அதே கண்ணாடி ரியூப், 10 மீற்றர் போதும். 5 மீற்றருக்கு ஒரு முளை அடிச்சு, 46 மீற்றருக்கும் மட்டம் எழுதினால் பள்ளம் எங்க எண்டு தெரியும். 5 சென்ரிமீற்றருக்கு மேல பள்ளம் இருந்தால் பாத்தி மண்ணை இழுத்து நிரவி, மிதிச்சு இறுக்கி, அதுக்குப் பிறகுதான் புல்லு.

இன்னொண்டு. உங்கட தெற்கு ஓரத்தில கட்டாயம் வரம்பு ஒண்டு இருக்கும். தண்ணி அந்த வரம்பில முட்டி, வரம்போட ஓடி, மூலையில உடைச்சுக்கொண்டு போகும். வரம்பை வைச்சுக்கொண்டு அதுக்குப் பின்னால புல்லு நட்டால் பிரயோசனம் இல்லை. வரம்பை நிலமட்டத்துக்கு வெட்டி இறக்கவேணும். மனம் வராது, தெரியும். ஆனால் அதைச் செய்யாமல் மிச்சத்தைச் செய்யவேண்டாம்.

அகலத்தைப் பற்றி: இந்தச் சாய்வுக்கு 2 மீற்றர் மண்ணை மறிக்கக் காணும், தண்ணி பரவி வந்தால். திரண்டு வந்தால் 10 மீற்றரும் காணாது.

---

செம்பாட்டான்:

நீர்மட்டம் ஐயா சொன்ன தண்ணிக் கதைக்கு மேல நான் சொல்ல ஒண்டுமில்லை. நடுகையைச் சொல்லுறன்.

2 மீற்றரையும் ஒரே புல்லா விடாதேங்கோ. பாத்திப் பக்கம் அரை மீற்றருக்கு வெட்டிவேர் இரண்டு வரிசை, அதுக்கு அங்கால வாய்க்கால் விளிம்பு மட்டும் ஒண்டரை மீற்றருக்கு அறுகு. வெட்டிவேரின்ர தண்டு விறைப்பு, வாற தண்ணியை நிப்பாட்டிப் பரத்தி விடும். அறுகு நிலத்தை மூடிக் கிடந்து மிச்சச் சேத்தைப் பிடிக்கும். அதோட வெட்டிவேர் வேர் பக்கத்துக்குப் படராமல் நேர கீழ போறதால, நெருக்கமா வளர்ந்த வரிசை அறுகின்ர ஓட்டத்தை (நிலத்தோட படருற தண்டை) பாத்திக்கு வரவிடாமல் மறிக்கும். உங்கட பயத்துக்கு மருந்து அதுதான். வெட்டிவேர் விதையால பரவி வெங்காயத்துக்குள்ள முளைக்காது, தூர் பிரிச்சு நட்டால்தான் வரும்.

கணக்கு: 12 சென்ரிமீற்றருக்கு ஒரு தூர் எண்டால் ஒரு வரிசைக்கு 384. இரண்டு வரிசைக்கு 768. சாகிறதுக்கும் இடை நிரப்புறதுக்கும் 15 வீதம் கூட வைச்சால் 880 தொடக்கம் 900. இரண்டு வரிசைக்கும் இடையில 30 சென்ரிமீற்றர், முதல் வரிசை இடைவெளிக்கு நேர இரண்டாம் வரிசைத் தூர் வரவேணும். இடைவெளியைக் கூட்டி மிச்சம் பிடிக்காதேங்கோ. 25 சென்ரிமீற்றரில நட்டால் முதல் மழைக்கு ஒவ்வொரு இடைவெளியும் ஒரு சின்ன வாய்க்கால்.

தூர் எண்டால் இரண்டு மூண்டு கிளை சேர்ந்த துண்டு. மேல 20 சென்ரிமீற்றரில இலையை வெட்டுங்கோ, வேரை ஒரு விரல் நீளம் விட்டு நறுக்குங்கோ. ஒற்றைக் கிளையாப் பிரிச்சால் எண்ணிக்கை கூடும், ஆனால் எங்கட வெயிலுக்குப் பாதி கருகும். பிரிச்சதை நிழலில ஈரச்சாக்கால மூடி, இரவு முழுக்க அடிப்பக்கத்தைச் சாணிக் கரைசலில வைச்சு, இரண்டு மூண்டு நாளுக்குள்ள நட்டு முடியுங்கோ. கிளை புறப்படுற கணு நிலமட்டத்துக்குக் கொஞ்சம் கீழ இருக்கவேணும். மேல நிண்டால் காத்துக்கு ஆடிச் சாகும், ஆழமாத் தாட்டால் அழுகும். சுத்திவர மண்ணைக் குதிக்காலால இறுக்கவேணும், இதைத்தான் கூலிக்கு நடுறவை விட்டுடுவினம்.

அறுகு: 69 சதுர மீற்றர். உள்ளங்கையளவு, 10 சென்ரிமீற்றர்ச் சதுரமா வேரோட தோண்டி 25 சென்ரிமீற்றர் இடைவெளியில வைச்சால் 1100 துண்டு மட்டில வரும். அதுக்கு 11 சதுர மீற்றர் அறுகந்தரை போதும். எடுக்கிற இடத்தில பார்த்தீனியமோ கோரையோ நிண்டால் அங்க எடுக்கவேண்டாம். கோரைக் கிழங்கு மண்ணோட வந்தால் 3 வருசமும் அதோட மல்லுக்கட்டுறதுதான் வேலை, களைநாசினியும் அடிக்கேலாது.

காலம்: ஆவணி கடைசி, பிந்தினால் புரட்டாதி முதல் கிழமை. கிணத்துத் தண்ணி விட்டு நடவேணும், முதல் 10 நாள் நெடுக, பிறகு ஒண்டுவிட்டொரு நாள். கார்த்திகைப் பெருமழை வரேக்க 8 கிழமையாவது ஆகியிருக்கவேணும். மழையைப் பாத்து ஐப்பசியில நட்டால் தண்ணி விடுற செலவு மிச்சம், ஆனால் வேர் பிடிக்க முதல் வெள்ளம் வந்து தூரைக் கிளப்பிப்போட்டுப் போகும். தை மாசியில நடுறது அதைவிடப் பிழை.

நாலாம் கிழமையில ஒருக்கா நடந்து, செத்த தூரைப் பிடுங்கி மிச்சத்தால நிரப்புங்கோ. பாத்திக்கும் வெட்டிவேருக்கும் இடையில ஒரு மண்வெட்டி அகலத்துக்குக் கான் வெட்டி விடுங்கோ, அறுகு தாண்டினாலும் அதில பிடிபடும்.

கட்டாக்காலி மாடு: இளம் வெட்டிவேரை மாடு கடிக்கும், கடிச்சு இழுத்தால் தூரோட வரும். முதல் 4 மாதம் முட்கம்பி இரண்டு இழையாவது வேணும். முத்தின பிறகு அதை மாடு பெரிசாத் தேடாது.

---

நீர்மட்டம்:

செம்பாட்டான், அந்தக் கான் வேண்டாம். தண்ணி வாற குறுக்கில ஒரு கான் வெட்டினால், பாத்தியில இருந்து வாறது எல்லாம் புல்லுக்குள்ள போகாமல் கானோட நீளத்துக்கு ஓடி மூலையில சேரும். வரம்பை இறக்கச் சொன்னது எதுக்கோ, அதைத் திருப்பி நாங்களே செய்த மாதிரி. அறுகை மறிக்க வேணுமெண்டால் மாதம் ஒருக்கா மண்வெட்டியை நேர குத்தா இறக்கி, ஒரு சாண் ஆழத்துக்கு ஓட்டத்தை வெட்டிவிட்டு, திறந்த வெட்டை மிதிச்சு மூடுங்கோ. அது போதும்.

---

செம்பாட்டான்:

ஓம், சரி. கானை விடுங்கோ, குத்து வெட்டு நல்லது. அதோட அறுகு பாத்திக்குள்ள போறது படர்ந்து போறதைவிட லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மிசின்) கத்தியில சுத்திப் போறதுதான் கூட. உழவுக்காரர் திரும்புறதுக்குப் புல்லுக்கு மேல ஏத்தினால் ஓட்டத்தைத் துண்டு துண்டா நறுக்கிக் காணி முழுக்க விதைச்சுவிடுவார். திரும்புற இடம் கிழக்கு மேற்குப் பக்கத்தில இருக்கவேணும் எண்டு முதலே சொல்லிவையுங்கோ.

---

கிணற்றடி:

இரண்டாம் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இங்கே பலரும் இதைத்தான் பிழையாக விளங்கியிருக்கிறார்கள்.

வாய்க்கால் ஓரப் புல், யூரியாவிலிருந்து உங்கள் கிணற்றுத் தண்ணீரில் சேரும் நைத்திரேற்றைக் குறைக்காது. குறைக்கும் என்று யாராவது சொல்லி ஒப்பந்தம் போட வைத்தால் நம்ப வேண்டாம். புல் மறிப்பது நிலத்தின் மேலால் ஓடுவதை. மண்ணும் பொசுபரசும் அப்படி ஓடும். நைத்திரேற்று தண்ணீரில் கரைந்து, எந்தப் பாத்தியில் யூரியா போட்டீர்களோ அந்தப் பாத்தியிலிருந்தே நேர கீழே இறங்கும். ஓரத்தில் நிற்கும் புல்லின் வேரை அது சந்திப்பதே இல்லை.

குளிர்நாடுகளில் ஆற்றோரப் புல்லும் மரமும் நைத்திரேற்றைக் குறைக்கின்றன என்று எழுதியிருப்பது உண்மை. ஆனால் அங்கே பல இடங்களில் கீழே களிமண் படை இருக்கிறது, தண்ணீர் ஆழத்துக்குப் போகாமல் பக்கவாட்டாக ஆற்றோர ஈரமண்ணுக்குள்ளால் ஊர்கிறது, ஒட்சிசன் இல்லாத அந்த மண்ணில் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்குகின்றன. யாழ்ப்பாணத்தில் அடியில் இருப்பது வெடிப்பும் குடைவும் உள்ள சுண்ணாம்புக்கல். புத்தூர் நிலாவரையின் ஆழக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே நீர்மட்டத்தைத் தொடும் இடங்கள் குடாநாட்டில் நிறைய உண்டு. வழுக்கியாற்றுப் பள்ளத்தில் மாரியில் நீர்மட்டம் மேலே வருவதால் வாய்க்கால் கரை ஈரமண்ணில் கொஞ்சம் அந்த வேலை நடக்கலாம். அது வாய்க்காலுக்கு உதவி, கிணற்றுக்கு இல்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். அதில் காற்பங்கு, 5.75 கிலோ, பயிர் எடுக்காமல் கீழே போனால் அது 25 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நைத்திரேற்று. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த 25 கிலோ, முற்றிலும் சுத்தமான 5 லட்சம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதும். உங்கள் 4 பரப்பில் 1200 மில்லிமீற்றர் மழை விழுந்தால் வருடத்துக்கு மொத்தமாகவே 12 லட்சம் லீற்றர்தான். அதில் ஆவியாவதும் வழிந்தோடுவதும் போக மிஞ்சியதுதான் நிலத்தடிக்குப் போகும். ஒரு மூட்டையில் காற்பங்கு வீணானாலே நிலைமை இது. ஒரு போகத்துக்கு எத்தனை மூட்டை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் இந்தத் தண்ணீர் போகலாம் என்பதை நினைத்துத்தான் இவ்வளவு எழுதுகிறேன். பால்மா கரைக்கும் தண்ணீரில் நைத்திரேற்று கூடினால் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்வது தடைப்படும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

கிணற்றுக்கு உண்மையில் உதவுவது வேறு நான்கு வேலைகள். யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுவது. பெருமழை எதிர்பார்க்கும் நாட்களில் போடாமல் விடுவது. இறைப்பை அளவாக்குவது: பாத்தி நிரம்ப வாய்க்காலால் விட்டால் உரம் வேருக்குக் கீழே கழுவப்படும், தூவல் பாசனத்தில் அதே வெங்காயத்துக்குக் குறைந்த தண்ணீர் போதும். நான்காவது, கிணற்றைச் சுற்றி, வாய்க்கால் கரையோடு சேர்த்தோ சேர்க்காமலோ, 3 மீற்றருக்கு உரமும் மருந்தும் போகாத புல் வட்டம். இந்த வட்டம் நைத்திரேற்றுக்காக இல்லை. மருந்து கரைத்த தாங்கியைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவும் பழக்கத்தை நிறுத்துவதற்கும், மாரியில் மேல்வெள்ளம் கட்டுக்குள்ளால் கிணற்றில் விழாமல் இருப்பதற்கும். கட்டு உடைந்திருந்தால் புல்லுக்கு முதல் அதைப் பூசுங்கள்.

தண்ணீரைச் சோதிக்க விரும்பினால் தையில் ஒரு தரம், ஆவணியில் ஒரு தரம் எடுங்கள். 10 நிமிடம் இறைத்த பிறகு, அதே தண்ணீரால் மூன்று தரம் அலசிய போத்தலில், குளிரில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். அறிக்கையில் நைத்திரேற்று என்று இருக்கிறதா, நைத்திரேற்று நைதரசன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் 4.43 ஆல் பெருக்கித்தான் 50 உடன் ஒப்பிட வேண்டும். 12 என்று பார்த்து நிம்மதியடைந்தால் அது உண்மையில் 53.

---

கரைவழி:

ஒப்பந்தமும் காசும் பற்றி. நான் இங்கிலாந்தில் இருந்து எழுதுகிறேன், இங்கே கமக்காரருக்கு இந்த மாதிரிக் கொடுப்பனவு பல காலமாக உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் எங்கே சறுக்கும் என்று முதலே தெரிந்துகொள்ளலாம்.

2024 இல் இங்கிலாந்தில் பயிர்நிலத்தில் 4 தொடக்கம் 12 மீற்றர் அகலப் புல் விளிம்புக்கு அறிவித்த கொடுப்பனவு ஹெக்ரெயருக்கு வருடம் 515 பவுண். ஒரு ஹெக்ரெயர் 39.5 பரப்பு, ஆக ஒரு பரப்புக்கு 13 பவுண். இதே வீதத்தை உங்கள் 92 சதுர மீற்றருக்குப் போட்டால் வருடத்துக்கு 5 பவுணும் வராது. பெரிய காணிக்கு வகுத்த பரப்பளவுக் கணக்கை 4 பரப்புக்குக் கொண்டுவந்தால் முட்கம்பிக்கும் காணாது. அதனால் முதல் கேள்வி, உங்களுக்குத் தருவது பரப்பளவுக்கா, நீட்டு மீற்றருக்கா, காணிக்கு இவ்வளவு என்றா? நடுகைச் செலவு தனியாக உண்டா? நடுகைச் செலவை முதல் வருடமே தராத திட்டம் சிறு தோட்டக்காரருக்குச் சரிவராது, இதைக் கூட்டமாகப் போய்க் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீர்நிலை ஓரம் 3 மீற்றருக்கு மருந்தும் உரமும் போடாமல் விடுவது 2023 இலிருந்து மானியம் பெறுவதற்கான அடிப்படை நிபந்தனை, அதற்கென்று தனிக் காசு இல்லை. ஆக, இன்று காசு தருவதை நாளைக்குக் கட்டாயமாக்கினால் கொடுப்பனவு தொடருமா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

2 மீற்றரை எங்கிருந்து அளப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வாய்க்காலின் தண்ணீர் விளிம்பா, கரையின் மேல் முனையா? மேல் முனை என்றுதான் வழக்கம். கரை இடிந்து 30 சென்ரிமீற்றர் போனால் உங்கள் 2 மீற்றர் 1.7 ஆகிவிடும். 2 மீற்றர் கேட்டால் 2.3 நடுங்கள். வேலிக்கட்டையும் நடைபாதையும் இந்த அளவுக்குள் சேராது என்பார்கள்.

இங்கே பரிசோதிக்க வருபவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு: வாகனம் ஓடிய தடம், விளிம்பில் கரும்பச்சைக் கோடு. கடைசிப் பாத்திக்குக் கையால் யூரியா விசிறினால் அரை மீற்றர் புல்லுக்குள் விழும், 10 நாளில் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். கடைசிப் பாத்திக்கு மட்டும் விசிறாமல் வரிசையில் வைத்து மூடுங்கள். களைநாசினிக்கும் அதே கதை, பக்கத்துக் காணியில் அடித்தது காற்றில் வந்து உங்கள் புல் மஞ்சளானால் அது உங்கள் தவறு இல்லை என்று காட்டத் திகதியோடு படம் வேண்டும். நட முதல், நட்ட அன்று, பிறகு மாதம் ஒன்று, எப்போதும் ஒரே முளையில் நின்று எடுங்கள்.

குத்தகை: வருடக் குத்தகையை வைத்துக்கொண்டு 3 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தக்காரர் வெளியில் என்றால் அவருடைய அற்றோணித் தத்துவக்காரர் (அவருக்காகக் கையெழுத்திட எழுத்தில் அதிகாரம் பெற்றவர்) அங்கே யார் என்று பார்த்து, அவரின் எழுத்துமூலச் சம்மதமும் குறைந்தது 3 வருடத்துக்கான குத்தகைக் கடிதமும் முதலில். இடையில் காணி விற்றாலோ திருப்பி எடுத்தாலோ வாங்கிய காசை யார் கட்டுவது என்ற வரி இல்லாமல் இருந்தால் அது உங்கள் தலையில்தான் விழும். முடிந்த பிறகு அந்த 2 மீற்றரை உழலாமா என்பதையும் எழுதுவியுங்கள். சொந்தக்காரர் பயப்படுவது அதற்குத்தான், காணி கையை விட்டுப் போய்விடுமோ என்று.

பெறுமதியா என்று கேட்டீர்கள். வாய்க்கால் ஓரக் கடைசிப் பாத்தி மாரியில் எப்படியும் தண்ணீர் நின்று அழுகுகிற பாத்தியாக இருந்தால், 9 வீதம் இழப்பு என்று கணக்கில் வருவது உண்மையில் 9 வீத விளைச்சல் இல்லை. பாத்திவாரியாக ஒரு போகம் நிறுத்துப் பார்த்தால் தெரியும்.

---

இருவாட்டித்தரை:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னமாதிரி வரம்பு இருக்கு, ஒரு அடி உயரம். இறக்கிறன்.

இரண்டு விசயம் கேக்கவேணும். பக்கத்தில மாடு வைச்சிருக்கிறவை அறுகுக்குப் பதிலா சீஓ-3 எண்ட மாட்டுப்புல்லை நடச் சொல்லினம், புல்லும் விக்கலாம் எண்டு. மற்றது, வெட்டுற புல்லை அதிலேயே போட்டு மூடாக்கா விடலாமா?

---

செம்பாட்டான்:

சீஓ-3 நல்ல மாட்டுப்புல்லு, ஆனால் இந்த இடத்துக்கு இல்லை. அது பத்தையா வளரும், பத்தைக்கும் பத்தைக்கும் நடுவில வெறும் நிலம், தண்ணி அதுக்குள்ளால நெளிஞ்சு ஓடும். உரம் போடாமல் இரண்டாம் வெட்டுக்குப் பிறகு மெலிஞ்சுபோம், உங்களுக்கு உரம் போடக்கூடாது எண்டு நிபந்தனை. ஆளுயரம் வளர்ந்து தெற்கால நிண்டால் மார்கழி தையில சாய்வெயிலை மறிச்சுக் கடைசி இரண்டு பாத்தி வெங்காயத்துக்கு நிழல் விழும். சோளம் செய்யிற காணி பக்கத்தில இருந்தால் படைப்புழுவுக்கும் தங்குமிடம். மாட்டுக்காரரிட்டை அறுகை வெட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. வெட்டிவேரையும் 30, 40 சென்ரிமீற்றரில வெட்டி நிப்பாட்டினால் இளம் இலையை மாடு தின்னும். அப்பிடி வெட்டவெட்டத்தான் தூரும் கட்டும். விட்டால் அடியில எலி வளை வைக்கும்.

---

கிணற்றடி:

வெட்டியதை அதிலேயே விட வேண்டாம். வருடம் வருடமாகப் பிடித்த பொசுபரசும் நைதரசனும் இலையில்தான் இருக்கிறது. அங்கேயே அழுகினால் கரைந்த வடிவில் திரும்ப வாய்க்காலுக்குப் போகும், புல்லுக்கரை கொஞ்சக் காலத்தில் வடிகட்டியாக இல்லாமல் ஊற்றாக மாறும். வெட்டி வெளியே எடுங்கள். மாட்டுக்கோ, வாழைக்கு மூடாக்கோ, கூட்டெரு குழிக்கோ. பெருமழைக்கு முதல் கடைசி வெட்டு புரட்டாதி நடுவில் முடிந்து, புல் நான்கு விரல் உயரத்துக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். முதல் வருடம் மட்டும், அந்தக் காலத்தில்தான் நடுவதால், அந்த வெட்டு இல்லை.

---

நீர்மட்டம்:

வரம்பு இறக்கேக்க ஒண்டைக் கவனியுங்கோ. இறக்கின மண்ணை வாய்க்கால் பக்கம் தள்ளாதேங்கோ, பாத்திப் பக்கம் இழுங்கோ. வாய்க்கால் பக்கம் தள்ளினால் முதல் மழைக்கு அவ்வளவும் வழுக்கியாற்றில.

இரண்டு மூண்டு மாரி போன பிறகு வெட்டிவேருக்கு மேல்பக்கம் சேறு படிஞ்சு படிஞ்சு தானா ஒரு வரம்பு எழும்பும். அதுதான் புல்லு வேலை செய்தது எண்டதுக்கு அத்தாட்சி, அதே நேரம் அதுதான் புல்லைக் கெடுக்கப்போற சாமானும். தண்ணி அதில முட்டித் திரும்ப மூலைக்குப் போகும். பங்குனியில மண் காய்ஞ்ச பிறகு, தூரை வெட்டாமல் மண்வெட்டியால வழிச்சு மேல் பாத்தியளுக்குத் திருப்பிப் போடுங்கோ. நல்ல மண் அது, உங்கட மண்தான். 5 சென்ரிமீற்றருக்கு மேல எழும்பவிடாதேங்கோ.

ஏதோ ஒரு மூலை கட்டாயம் பள்ளமாத்தான் இருக்கும், அங்க எவ்வளவு நிரவினாலும் பெருவெள்ளத்தில தண்ணி சேரும். அந்த மூலையில மட்டும் புல்லுக்கரையை 2 மீற்றருக்குப் பதிலா 4 மீற்றர் ஆக்கி, வாய்க்காலுக்குள்ள விழுற வாயில ஒண்டரை மீற்றர் அகலத்துக்குத் தட்டையாச் சுண்ணாம்புக்கல் பரவி, கல்லின்ர மேல்முகம் புல்லு மட்டத்தைவிட இரண்டு விரல் தாழ இருக்கிறமாதிரி வையுங்கோ. கல்லு மேல நிண்டால் தண்ணி கல்லைச் சுத்திப்போய் இரண்டு பக்கமும் அரிக்கும். கல்லுக்கு அடியில பழைய உரச்சாக்கை விரிச்சு வைக்கிறவை இருக்கினம், அது மூண்டு மாரி தாங்காது, கிழிஞ்சு வாய்க்காலுக்குள்ள போகும். அதுக்குப் பதிலா கல்லு இடைவெளிக்குள்ள அறுகந் துண்டை நெருக்கி வையுங்கோ, வேர் கல்லைப் பிடிச்சுக்கொள்ளும். மட்டம் எழுதின பிறகு எண்களை இங்க போடுங்கோ தம்பி, எங்க எவ்வளவு இறக்கிறது எண்டு பாத்துச் சொல்லுறன்.